பழைய டக் (இழுவைப் படகு) ஒன்றின் அடித்தகடு: மேலே தகடு ஒட்டுவதா, வெட்டி மாற்றுவதா?

பார்ஜ்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். துறைமுகம் ஒன்றில் பணியிலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்த எஃகு டக் ஒன்றை நானும் என் மைத்துனரும் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். 1974இல் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 24 மீட்டர், அகலம் 7 மீட்டருக்குச் சற்று மேல், ஒற்றை விசிறி (புரொப்பெல்லர்), 800 குதிரைத்திறன் கொண்ட, நிதானமாகச் சுழலும் பழைய வகை டீசல் இஞ்சின். முழுக்க வெல்டிங் செய்யப்பட்ட உடல். ரிவெட் எங்கும் இல்லை. எங்களிடம் கல்லும் மணலும் ஏற்றும் பார்ஜுகள் இருக்கின்றன. அவற்றைத் துறைமுக எல்லைக்குள்ளும், கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் கரையோரமாகச் சிறு தூரமும் இழுத்துச் செல்வதற்கு வாடகை டக்குகளையே நம்பியிருப்பதைவிட, சொந்தமாக ஒன்றைத் தேற்றிக்கொள்வது மேல் என்று கணக்குப் போட்டோம்.

இப்போது அது காக்கிநாடாப் பக்கம் ஒரு தனியார் கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தின் ஸ்லிப்வேயில் (படகைக் கரைக்கு இழுத்தேற்றும் சரிவில்) ஏறி நிற்கிறது. சிப்பியையும் பாசியையும் தண்ணீர் ஜெட் வைத்துக் கழுவியபோது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு தளத்தின் ஃபோர்மேன் சிப்பிங் சுத்தியலை எடுத்து, இஞ்சின் ரூமுக்கு நேர் வெளியே, இடப்பக்க பில்ஜ் வளைவில் (அடித்தகடு பக்கத்தகடாக மேலே திரும்பும் வளைவில்) வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். மணிபோல் கேட்டுக்கொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் மொத்தையாக மாறியது. அடுத்த தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. ஓட்டையிலிருந்து கறுப்பு எண்ணெய் கலந்த தண்ணீர் வெகுநேரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

தளத்தார் சொல்லும் தீர்வு இது: இரு பக்கமும் பில்ஜ் வளைவில் சுமார் 8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கும், இஞ்சினுக்கு அடியில் 5 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுக்கும் 8 மிமீ தகட்டை வெளியிலிருந்தே டபுளராக, அதாவது பழைய தகட்டின் மேல் இரண்டாம் தகடாக, ஒட்டிவிடலாம். பழைய தகட்டை வெட்ட வேண்டாம், இஞ்சினைத் தூக்க வேண்டாம், மழைக்கு முன் இறக்கிவிடலாம். மூலத் தகடு பக்கங்களில் 10 மிமீ, அடியில் 12 மிமீ என்று வரைபடத்தில் இருக்கிறது. டபுளர் போதுமா, அல்லது வெட்டிப் புதுத் தகடு வைப்பதுதான் முறையா என்பது என் முதற்கேள்வி. பழைய இஞ்சினை வைத்துக்கொள்வதா, அதே குதிரைத்திறனில் இலேசான அதிவேக இஞ்சின் ஒன்றை வைப்பதா என்பது அடுத்தது. "எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடு" என்பது மைத்துனரின் இப்போதைய கட்சி. அதற்கும் நியாயம் இருந்தால் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற சர்வேயர் எழுதியது:

பார்ஜ்காரர் அவர்களுக்கு. தகடு ஒட்டுவதா வெட்டுவதா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. முழு உடலுக்கும் தடிமன் அளவு எடுங்கள். ஒரு சுத்தியல் ஒரு ஓட்டையைக் காட்டியிருக்கிறதே தவிர, மீதி உடலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தளத்தார் கேட்கும் 8 மீட்டரும் 5 மீட்டரும் எந்த அளவீட்டிலிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள். கண்ணளவு என்றுதான் பதில் வரும் என நினைக்கிறேன்.

அல்ட்ராசோனிக் கருவி வைத்து அளக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பெயின்ட்டில் அதன் பாதிக்கும் குறைவான வேகம். ஆகவே பல ஆண்டுகளாக மேலுக்கு மேல் பூசிய 1 மிமீ பெயின்ட்டின் மீது சாதாரணக் கருவியை வைத்தால், அது அந்தப் பூச்சை 2 மிமீக்கும் கூடுதலான எஃகாக எண்ணிக் காட்டிவிடும். 7 மிமீ தகடு 9 என்று தெரியும். நீங்கள் மகிழ்ந்து போவீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். அல்லது பூச்சைக் கழித்துவிட்டுக் காட்டும் பல எதிரொலிக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஃபிரேம் (தகட்டை உள்ளிருந்து தாங்கும் எஃகு விலா) இடைவெளியிலும் தகட்டுக்கு ஐந்து புள்ளியாவது எடுத்து, தகட்டு விரிப்பு வரைபடத்தில் சாக்பீஸால் எழுதியதுபோல் தெளிவாகக் குறித்து வாங்குங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் தளத்தாரிடமும் கிளாஸ் சர்வேயரிடமும் (கப்பலின் தகுதிக்குச் சான்று தரும் நிறுவனத்தின் ஆய்வாளரிடமும்) பேசும் பேச்சே மாறிவிடும்.

டக்குகளில் அரிப்பு உட்காரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாப் படகிலும் ஒன்றுதான். நீர்மட்டக் கோட்டை ஒட்டிய தகடு, ரப்பர் ஃபெண்டரும் டயர்களும் மூடியிருக்கும் பகுதி, நங்கூரச் சங்கிலி அறையின் அடி, கழிவறைக்கும் சமையலறைக்கும் கீழே உள்ள டெக், கடல்நீர் உள்ளே வரும் பெட்டிகள், சுக்கான் தண்டு இறங்கும் குழலின் சுற்றுப்புறம். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இஞ்சின் ரூம் பில்ஜில், அதாவது அதன் அடிப்பள்ளத்தில், சிமென்ட் ஊற்றியிருக்கிறதா என்பதைத்தான். பழைய டக்குகளில் அடி ஃபிரேம்களுக்கு இடையே சிமென்ட் நிரப்புவது சாதாரண வழக்கம். அது தகட்டோடு ஒட்டியிருக்கும்வரை நல்ல காவல். விளிம்பில் ஒரு மயிரிழை விலகிவிட்டால் உப்பு நீர் அடியில் புகுந்து, யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். சிமென்ட்டை உடைத்து எடுக்காமல் அடித்தகட்டைப் பற்றி யார் என்ன உறுதி சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இனி டபுளர். உலகின் முதன்மையான கிளாஸ் நிறுவனங்கள் சேர்ந்த ஐஏசிஎஸ் கூட்டமைப்பின் 47ஆம் பரிந்துரை, கப்பல் கட்டுமானத்துக்கும் பழுதுபார்ப்புக்குமான தர அளவுகளைத் தருகிறது. முதன்மை உடலில் டபுளர் என்பது வழக்கமாகத் தற்காலிகப் பழுதுபார்ப்பாக மட்டுமே ஏற்கப்படும் என்பது அதன் நிலை. காரணம் நடைமுறை சார்ந்தது. புதிய தகட்டின் ஓரத்தில் போடும் வெல்ட், உங்கள் தளம் சொல்லும் முறையில், ஏற்கெனவே மெலிந்துபோன பழைய தகட்டின் மீதுதான் உட்கார வேண்டும். 5 மிமீக்குத் தேய்ந்த தகட்டில் 8 மிமீ தகட்டைப் பற்றவைத்தால் வெல்ட்டின் ஓரத்தில் பழைய தகடு கிழியும். பிடிப்பு இல்லாத இடத்தில் பிடிப்பைத் தேடுகிறோம். இரு தகடுகளுக்கும் இடையில் ஈரம் சிக்கினால் உள்ளிருந்து அரிக்கும், அதை எந்தக் கருவியாலும் பின்னர் ஒழுங்காக அளக்கவும் முடியாது. ஃபிரேம்களும் அடியிலுள்ள குறுக்குத் தகடுகளும் துருப்பிடித்திருந்தால் டபுளர் அவற்றை மறைத்துவிடுமே தவிர வலுவாக்காது.

எடையையும் பாருங்கள். எஃகுத் தகடு 1 மிமீ தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. நீங்கள் சொன்ன பரப்பு மொத்தம் சுமார் 29 சதுர மீட்டர். 8 மிமீ தகட்டில் அது 1,800 கிலோவுக்கு மேல் வருகிறது. அவ்வளவும் கூடுதல் எடை.

வெட்டி வைக்கும் தகட்டுக்கும் அளவு விதி உண்டு. அதே பரிந்துரைப்படி, வெளித்தகட்டில் வைக்கும் துண்டு 300க்கு 300 மிமீக்குக் குறையக் கூடாது. மூலைகள் வளைவாக இருக்க வேண்டும், அந்த வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப்போல் ஐந்து மடங்கு, எப்படியும் 100 மிமீக்குக் குறையாமல். எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனமும் பகுதிக்குப் பகுதியும் மாறும். மூலத் தடிமனில் கால் பங்கை ஒட்டிய இழப்பு என்றாலே மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். சுற்றிலும் நல்ல தடிமன் இருந்து, அங்கங்கே தனித்து நிற்கும் குழிகளாக மட்டும் இருந்தால் வெல்டால் நிரப்பிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் வெட்டு விளக்கு (தகட்டை வெட்டும் வாயுச் சுடர்) ஏற்றுவதற்கு முன்பே, படகுக்குச் சான்று தரப்போகும் சர்வேயரை ஸ்லிப்வேக்கு அழைத்து வந்து ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். முடித்த வேலையைக் காட்டி அனுமதி கேட்டால் பாதி வேலையை அவிழ்க்க வேண்டிவரும்.


தகட்டு மேஸ்திரி எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு விதிவிலக்கை மட்டும் சேர்க்கிறேன். டபுளரே கூடாது என்று தளத்தில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். ஒரே ஒரு பயணமாக வேறு தளத்துக்கு இழுத்துச் செல்வதற்காக ஓட்டையை மூடுவது என்றால் டபுளர் சரியான வேலைதான். இன்னும் பல ஆண்டுகள் பார்ஜ் இழுக்கப் போகிற படகுக்கு அது பொருந்தாது.

வெட்டி மாற்றுவது என்று முடிவானால், எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்லிப்வேயில் நிற்கும் டக் தன் எடையைக் கட்டைகளின் மீது வைத்திருக்கிறது; அதிலும் டக்கின் கீல் (அடி முதுகெலும்பு) பின்பக்கம் ஆழமாகச் சாய்ந்திருப்பதால் பின்பகுதியில் சுமை கூடுதல். இரு பக்க பில்ஜையும் ஒரே நேரத்தில் நீளமாகத் திறந்துவிட்டால் உடல் தொய்ந்துவிடும், பிறகு எந்தத் தகடும் அளவுக்கு உட்காராது. ஒரு தகட்டை வெட்டி, வைத்து, டாக் அடித்து (சிறு வெல்ட் புள்ளிகளால் பிடிக்கவைத்து), வெல்ட் முடித்த பிறகே எதிர்ப்பக்கம் போக வேண்டும். வெட்டும் முன்பே திறப்பின் குறுக்கே தற்காலிக எஃகுப் பட்டைகளை நிறுத்தி வளைவைப் பூட்டிவிட வேண்டும். கட்டைகள் நிற்கும் இடத்தில் தகடு மோசமாக இருந்தால், முதலில் கட்டைகளை இடம் மாற்றியாக வேண்டும்; பெயின்ட் அடிக்கும்போதும் அந்த இடங்கள் விட்டுப்போகும் என்பதால் அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

பில்ஜ் வளைவுக்குத் தகட்டை ரோலரில் வளைக்க மாதிரிப் பலகை எடுப்பார்கள். அதைப் பழைய தகட்டின் மீது வைத்து எடுக்கக் கூடாது, பழையது நெளிந்திருக்கும். உள்ளே ஃபிரேமின் விளிம்பில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தகட்டைக் கிளாஸ் சான்றோடு ஏ கிரேடாக வாங்கி, அதன் வார்ப்பு எண் (எந்த உருக்கில் வந்த தகடு என்று காட்டும் எண்) அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங்குக்கு 7018 ராடு. பெட்டியைத் திறந்துவிட்டுக் கடற்கரைக் காற்றில் கிடத்திய ராடை வாங்கவே கூடாது, அடுப்பில் உலர்த்திச் சூடான பெட்டியிலிருந்து எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். குறுக்கு இணைப்புகளை முதலில், நீள இணைப்புகளைப் பிறகு என்பது பழைய விதி. சுருக்கம் எங்கே போக வேண்டுமோ அங்கே போவதற்காக. உள்ளே வெல்ட் போட்டு, வெளியிலிருந்து பள்ளம் தோண்டிச் சுத்த உலோகம் தெரிந்த பிறகு மறுபக்கம் நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டுப் புட்டி பூசி மறைக்கும் கெட்டிக்காரத்தனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஓட்டையிலிருந்து எண்ணெய் ஒழுகியது என்கிறீர்கள். அப்படியானால் பில்ஜிலும், பக்கத்து டீசல் டேங்குகளிலும், துருச் செதிலுக்கு அடியிலும் எண்ணெய் இருக்கிறது. டேங்கைக் காலி செய்தது போதாது. கழுவி, செதிலைச் சுரண்டி, காற்றோட்டம் விட்டு, வாயு அளவு எடுத்து, எழுத்தில் அனுமதி வந்த பிறகே கட்டிங் விளக்கு. வெல்டர் வெளியே நிற்கும்போது, தகட்டின் உட்பக்கம் தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் சிறிது நேரம் அங்கேயே இருக்க வேண்டும். நெருப்பு எப்போதும் வெல்டர் பார்க்காத பக்கத்தில்தான் பிடிக்கிறது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த அணியத் தொட்டிக்குள் (படகின் முன்முனைத் தொட்டிக்குள்) எண்ணெயே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு: துருவேறும் எஃகு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காட்டு அளவில் இருப்பதை மீட்டரில் பார்க்காமல் யாரும் இறங்க வேண்டாம்.


திருமலை இஞ்சினியர் எழுதியது:

நான் இயந்திரப் பக்கத்தை மட்டும் கதைக்கிறேன். இஞ்சினுக்கு அடியிலுள்ள தகட்டை முறையாக மாற்ற வேண்டுமென்றால், எப்படியும் இஞ்சினைத் தூக்க வேண்டித்தான் வரும் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வெட்டி வைக்கலாம் என்பார்கள்; ஆனால் இஞ்சின் படுக்கைக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் வெல்டரின் கை போகாது, மேஸ்திரி சொன்ன இரு பக்க வெல்ட் அங்கே நடவாது. ஆகவே தகட்டு முடிவும் இஞ்சின் முடிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. பல காலம் ஓடாத இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கிராங்க் கேஸ் கதவுகளைத் திறந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, பேரிங்குகளில் துரு ஏறியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, இண்டிகேட்டர் காக்குகளை (சிலிண்டரின் சிறு திறப்பு வால்வுகளை) திறந்துவைத்து, டர்னிங் கியரால் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் முழுச் சுற்றும் சுற்றினால் பாதி நம்பிக்கை வந்துவிடும். பின்னர் கிராங்க் கைகளுக்கு இடையில் டயல் கேஜ் வைத்து விலகல் அளவு எடுத்து எழுதிவையுங்கள். படகு கட்டைமேல் நிற்கும்போது ஒரு அளவும், தண்ணீரில் மிதக்கும்போது வேறொரு அளவும் வரும். கப்பலின் உடல் இரண்டு நிலையிலும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. அதனாலேயே ஷாஃப்ட்டோடு இஞ்சினைக் கடைசியாக நேர்ப்படுத்தும் வேலையை இறக்கிய பிறகு, படகு தண்ணீரில் அமர்ந்த பின்னர்தான் முடிக்க வேண்டும். ஸ்லிப்வேயிலேயே எல்லா போல்ட்டையும் இறுக்கிக் கணக்கு முடிக்கும் தளங்கள் இருக்கின்றன, அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி, பழையதா புதியதா. அதிவேக இஞ்சின் கையாள எளிது, உதிரிப் பாகம் கிடைக்கும், எரிபொருளும் மிச்சம். ஆனால் பழைய இஞ்சின் பல டன் எடையோடு படகின் அடியில் உட்கார்ந்து, அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு இலேசான ஒன்றை வைத்தால், அந்த எடைக்குப் பதில் அடியில் நிலையான பாரம் வைக்க வேண்டும். வேகம் வேறாவதால் கியர்பெட்டியும் மாற வேண்டும். பழைய விசிறிக்கு எந்தச் சுழற்சி வேகம் பொருந்துமோ அதைப் புதிய கியர் தர வேண்டும். அல்லாவிட்டால் 800 குதிரைத்திறன் என்று பலகையில் இருக்கும், கயிற்றில் இருக்காது. நாசில் (விசிறியைச் சுற்றிய வளையக் குழல்) இல்லாத விசிறிக்கு 100 குதிரைத்திறனுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேலான இழுவை என்பது அனுபவக் கணக்கு. உங்கள் படகுக்கு எட்டு, ஒன்பது டன். அதுவே வராமல் போனால் செலவு செய்து என்ன பயன்? என் எண்ணத்தில், கிராங்க் ஷாஃப்ட் நல்லதாக இருந்து உதிரிப் பாகங்களுக்கு வழி தெரிந்தால் பழையதையே கழற்றி ஓவர்ஹால் செய்யுங்கள். பாவ்நகர் பக்கம் அலாங்கில் உடைக்கும் கப்பல்களின் பாகங்கள் சாலையோரக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே வாங்கும் பிஸ்டனையும் லைனரையும் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டார்ட்டிங் காற்றுச் சிலிண்டர்கள் 30 பார் அழுத்தத்தில் நிற்பவை. அவற்றைத் திறந்து உட்புறம் பார்க்காமலும் நீரழுத்தச் சோதனை செய்யாமலும் நிரப்பவே கூடாது.

படகு மேலே இருக்கும்போதே டெயில் ஷாஃப்ட்டை (விசிறியைத் தாங்கும் கடைசித் தண்டை) வெளியே எடுத்து, விசிறி ஏறும் கூம்புப் பகுதியிலும் சாவிப் பள்ளத்தின் மூலைகளிலும் காந்தத் துகள் சோதனை செய்யுங்கள்; விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்தக் காலத்துப் படகு என்பதால் ஸ்டெர்ன் டியூப் (அந்தத் தண்டு வெளியேறும் குழல்) பேரிங் லிக்னம் வைட்டே என்ற கடினமரத்தால் ஆனதாக இருக்கலாம். அது தண்ணீரிலேயே இருந்து பழகிய மரம். ஸ்லிப்வேயில் மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரச் சாக்கைத் திணித்து நாளும் தண்ணீர் ஊற்றிவர ஒருவரை நியமியுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் எல்லோரும் மறப்பது.


மெர்சிக் கரை எழுதியது:

லிவர்பூல் பக்கம் வசிப்பவன் என்ற முறையில் மைத்துனரின் கட்சியைப் பற்றிச் சில வரிகள். இங்கே டேனியல் ஆடம்சன் என்ற நீராவி டக் ஒன்று இருக்கிறது. 1903இல் கட்டப்பட்டு மான்செஸ்டர் கப்பல் கால்வாயில் உழைத்தது. உடைக்கப் போகிற நிலையில் 2004இல் ஆர்வலர்கள் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார்கள். பின்னர் தேசிய லாட்டரியின் மரபுரிமை நிதியிலிருந்து 38 இலட்சம் பவுண்டு கிடைத்து, 2016இல்தான் மீண்டும் பயணிகளோடு ஓடத் தொடங்கியது. வாங்கிய விலைக்கும் தேற்றிய விலைக்கும் உள்ள தொலைவு அது. அவர்களுக்குப் பழமையைக் காப்பதே நோக்கம். ஆகவே அந்தச் செலவுக்குப் பொருள் இருந்தது. உங்கள் டக் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. தடிமன் அளவு கையில் வந்த பிறகு, தகடு, ஷாஃப்ட், இஞ்சின் மூன்றுக்கும் மதிப்பீடு வாங்கி, அதே இழுவை கொண்ட, சான்று உயிரோடு இருக்கும் பழைய டக் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் மைத்துனர் வென்றால் அவர் சொல்வதைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னொன்று. கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸைப் புதிதாகப் பொருத்துவதற்குச் சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதிகளில் சில விலக்குகளோடு 2002லும் முற்றாக 2011லும்தான் தடை வந்தது. 1974ஆம் ஆண்டுப் படகில் புகைக்குழாயைச் சுற்றிய வெள்ளைப் பொதிவும், பழைய கேஸ்கெட்டுகளும், சமையலறைச் சுவர்ப் பலகைகளும் சோதனை செய்து பார்க்கும்வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ளுங்கள். பழைய அடிப்பூச்சு செவ்வீயமாக இருந்தால், அதன்மேல் கட்டிங் விளக்கு பட்டவுடன் ஈயப்புகை வரும். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் முதலில் பூச்சை நீக்கிவிட வேண்டும்.


பார்ஜ்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெளியாள் ஒருவரை வைத்து, உலோகம் தெரியத் தேய்த்து அளவு எடுத்தோம். இஞ்சின் ரூம் பில்ஜ் வளைவில் இரு பக்கமும் 6.2 முதல் 7.1 மிமீ. சிமென்ட் இருந்தது; உடைத்தபோது இஞ்சினுக்கு அடியில் 12 மிமீ தகடு ஓரிடத்தில் 4.8 வரை போயிருக்கிறது, அங்கே இரண்டு குறுக்குத் தகடுகளின் கீழ் விளிம்பே இல்லை. நீர்மட்டத் தகடு 8.5க்கு மேல். அணியத் தொட்டியில் பக்கத்தகடு 8.2, ஆனால் பூச்சு முழுக்கப் போய்விட்டது. தளத்தார் இப்போது இஞ்சின் ரூமில் வெட்டி மாற்ற ஒப்புக்கொள்கிறார்கள். அணியத்துக்கு மட்டும் டபுளர் போடலாம் என்கிறார்கள். ஒப்பீட்டுக் கணக்கில், பழைய இஞ்சினையே ஓவர்ஹால் செய்தால் மைத்துனர் சிறு இடைவெளியில் தோற்கிறார். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. மழைக்கு முன் எதை முடித்தாக வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம்?


ஓய்வுபெற்ற சர்வேயர் எழுதியது:

அணியத்தில் 10க்கு 8.2 என்றால் இழப்பு 18 விழுக்காடு. சர்வேயர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் அங்கே தகட்டு வேலையே தேவைப்படாது. நன்றாகச் சுத்தம் செய்து, இரண்டு பூச்சு எப்பாக்சி கொடுத்து, அடுத்த டாக்கிங்கில் (படகை மீண்டும் மேலேற்றும்போது) அதே புள்ளிகளை மீண்டும் அளந்தால் போதும். தேவையில்லாத இடத்தில் டபுளர் விற்கப் பார்க்கிறார்கள்.

இஞ்சின் ரூமில் இஞ்சினைத் தூக்கி, குறுக்குத் தகடுகளை முதலில் சீராக்கி, பிறகு அடித்தகட்டை மாற்ற வேண்டும். மழைக்கு முன் முடிய வேண்டியது இந்த வெளித்தகடு முழுவதும், கடல்நீர் வால்வுகள், டெயில் ஷாஃப்ட், சுக்கான், வெளிப்புறப் பெயின்ட் ஆகியவை. அதாவது தண்ணீரில் இறங்கிய பிறகு தொட முடியாதவை. இஞ்சின் ஓவர்ஹாலும், டெக்குக்கு மேலுள்ள அறைகளும், மின்வேலையும் படகு மிதந்துகொண்டிருக்கும்போது, கூரையின்கீழ் நிதானமாக நடக்கலாம். தகடு வேலை முடிந்ததும் டேங்குகளுக்குக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புநீர் பூசியும், மற்ற இணைப்புகளுக்குத் தண்ணீர் பீய்ச்சியும் சோதனை செய்த பிறகே பெயின்ட். எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாத நேரத்தில் பூசினால் எந்தக் கம்பெனிப் பெயின்ட்டும் உரிந்துவரும். உங்கள் பக்கம் ஐப்பசிக் காலையில் அந்த நிலை பெரும்பாலும் கிடைக்காது, உச்சிப்பொழுதுக்குக் காத்திருங்கள். உடலுக்குப் பதிலாக அரிப்பை ஏற்கும் துத்தநாகக் கட்டிகளின் மேல் பெயின்ட் படாமல் காகிதம் ஒட்டச் சொல்லுங்கள்.

இத்தனை எஃகு மாறி இஞ்சினும் இறங்கி ஏறிய பிறகு, பழைய சமநிலைப் புத்தகத்தை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். தெரிந்த எடையை டெக்கில் குறுக்காக நகர்த்திச் சாய்வை அளக்கும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். டக்குகள் கவிழ்வது பெரும்பாலும் புயலில் அல்ல. இழுக்கும் கயிறு பக்கவாட்டில் இறுகி, படகைக் குறுக்காக இழுத்துச் சாய்க்கும்போதுதான். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் ஃப்ளையிங் ஃபேண்டம் என்ற டக் 2007 டிசம்பர் 19 அன்று மூடுபனியில் அப்படித்தான் கவிழ்ந்து மூவர் இறந்தார்கள். எனவே உங்கள் இழுவைக் கொக்கியின் அவசர விடுவிப்பைக் கயிற்றில் சுமை ஏற்றி, பக்கவாட்டுக் கோணத்திலும், வீல்ஹவுஸிலிருந்தே இழுத்துச் சோதியுங்கள். இஞ்சின் ரூம் கதவின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். நம் கரையின் புழுக்கத்தில் அந்தக் கதவைக் கயிறுபோட்டுத் திறந்தே கட்டிவைப்பது எல்லா டக்கிலும் நடக்கிறது. இழுக்கும் நேரத்தில் அது மூடியிருக்க வேண்டும், அதற்கு இஞ்சின் ரூமுக்குப் போதிய காற்று விசிறி வேண்டும். ஆட்களைத் திட்டுவதைவிட விசிறி வாங்குவது பயன் தரும்.


தகட்டு மேஸ்திரி எழுதியது:

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். தகட்டு வேலைக்குக் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள். வளைவுத் தகட்டுக்கும், உள்ளே ஆள் புக முடியாத இடத்துக்கும் தனிப் பெருக்கம் போடுவார்கள். அந்தப் பெருக்கம் எவ்வளவு, சாரம் கட்டுவது, டேங்க் கழுவுவது, தடைப்படும் பைப்பையும் கேபிளையும் கழற்றி மாட்டுவது ஆகியவை கிலோ விலைக்குள் வருமா, தனியா என்பதை வெட்டத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் சொன்ன அளவுப்படி பில்ஜ் இரு பக்கமும் 10 மிமீயில் சுமார் 1,500 கிலோ, இஞ்சின் அடி 12 மிமீயில் சுமார் 940 கிலோ. குறுக்குத் தகடுகளின் எடையை அளந்து இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகட்டையும் வெட்டியவுடன், உங்கள் ஆளும் தளத்தின் ஆளும் சேர்ந்து நின்று அளந்து இருவரும் கையெழுத்திட வேண்டும். தகடு உட்கார்ந்து பெயின்ட் ஏறிய பிறகு நீளத்தைப் பற்றித் தொடங்கும் வாக்குவாதத்தில் படகின் சொந்தக்காரர் வென்றதை நான் பார்த்ததில்லை.